உச்சியில் ஒன்றரை அடி

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலைத் தாண்டி இரண்டாவது சந்தில் இருக்கும் பல் மருத்துவமனையின் ஷட்டர், ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் இடுப்பு உயரத்தோடு நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. டாக்டர் மாளவிகா குனிந்துதான் உள்ளே போனாள். கன்னம் வீங்கி வந்தவர்களும் குனிந்தே போனார்கள்.

பத்தரை மணிக்குத் திருமுடிவாக்கத்திலிருந்து கனகவல்லி வந்து சேர்ந்தாள். தோளில் கருவிப்பை, காலில் ஷூ, புடவைக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை.

"மெக்கானிக் வரலையா?" என்று கேட்டாள் வரவேற்பில் இருந்த பெண்.

"வந்து உன் எதிர்லதான் நிக்கறேன். இன்னா ஆச்சு, சொல்லு."

இந்தக் கேள்வி கனகவல்லிக்குப் பழகிப்போனது. ஷட்டர் கம்பெனியில் பதினோரு வருடம் லைனில் நின்றவள் அவள். கம்பெனி இடம் மாறிப் போனபோது, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையிலேயே பாதி ஷெட்டை வாடகைக்கு எடுத்து, இரண்டு மெஷினைப் போட்டுத் தொழிலைத் தொடங்கினாள். அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. இன்றைக்கும் போகிற இடமெல்லாம் முதலில் அவள் முதுகுக்குப் பின்னால்தான் மெக்கானிக்கைத் தேடுவார்கள்.

அவள் எண்ணெய் டப்பாவைத் தொடவே இல்லை. தகடுகளை விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். இடது பக்கத்தை மட்டும் தூக்கிப் பார்த்தாள். பிறகு வலது பக்கத்தை. வலப்பக்கத்துச் சட்டத்தில், முழங்கால் உயரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நசுங்கல் இருந்தது. ராத்திரி யாரோ பைக்கைச் சாத்தியிருக்கிறார்கள். பத்து நிமிடம் சுத்தியலும் இடுக்கியும் வேலை செய்தன. பிறகு ஷட்டர் ஒரு கை தள்ளலில் மேலே ஓடியது.

நோயாளி ஒருவரை நாற்காலியில் காத்திருக்க வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றாமல் இதையே பார்த்துக்கொண்டிருந்தாள் மாளவிகா.

"எண்ணெயே போடலையேக்கா?"

"போட்டா இன்னிக்கு ஏறும் டாக்டரம்மா. நாளான்னிக்கு மறுபடி நிக்கும். எங்க பிடிக்குதுன்னு பாக்காம எண்ணெய ஊத்தி இன்னா புண்ணியம்?"

மாளவிகா ஒரு கணம் யோசித்தாள். "இந்தப் பேஷன்ட் முடிஞ்சதும் பின்னாடி வர்றீங்களா? ஒரு படகு காட்டணும்."

மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த காலி மனையில், டிரெய்லர் மேல், நீலத் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது அந்தப் படகு. இருபத்திரண்டு அடி நீளம். வெள்ளை உடம்பில் 'கீச்சான்' என்று பச்சை எழுத்து. நீளப் பாய்மரம் படுக்கவைத்துக் கட்டப்பட்டிருந்தது. கனகவல்லி இதுவரை படகு என்று பார்த்ததெல்லாம் மீன்பிடிப் படகுகளும், முட்டுக்காட்டில் காசு கொடுத்து ஏறும் மிதிபடகும்தான்.

மாளவிகா விளக்கினாள். இந்தப் படகுக்கு எஞ்சின் இல்லை. முன்னால் ஒரு பாய், நடுவில் ஒரு பாய். முன்பாயை மடித்து வைப்பதில்லை, சுருட்டி வைப்பார்கள். படகின் மூக்கிலிருந்து பாய்மர உச்சிவரை சாய்வாக ஒரு கம்பி போகிறது. அந்தக் கம்பியை உறைபோல மூடி ஓர் அலுமினியக் குழல். குழலின் அடியில் ஓர் உருளை, உருளையில் சுற்றிய கயிறு. பின்னால் உட்கார்ந்தபடி கயிற்றை இழுத்தால் உருளை சுழலும், குழல் சுழலும், பாய் அதில் சுருண்டுகொள்ளும். காற்று ஏறினால் பாதி சுருட்டலாம். மோசமானால் முழுக்கச் சுருட்டலாம்.

"அப்ப இது நிக்க வெச்ச ஷட்டர்," என்றாள் கனகவல்லி.

"அதேதான். ஆனா ஏழெட்டு மாசமா சுத்த மாட்டேங்குது. மூணு நாலு சுத்து வரும், அப்புறம் கல்லு மாதிரி நின்னுடும்."

அதனால் என்ன ஆனது என்பதை மாளவிகா படகின் விளிம்பைத் தடவியபடியே சொன்னாள். மார்ச் மாதம், கோவளத்துக் கழிமுகத்தில் தனியாகப் போயிருந்தபோது திடீரென்று காற்று கிளம்பியது. முன்பாயைச் சுருட்ட முடியவில்லை. முழுப்பாயோடு படகு நேராகப் பாலத்துத் தூண்களைப் பார்த்து ஓடியது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை பிசகியது. அவள் உறுப்பினராக இருந்த பாய்மரப் படகு மன்றத்தின் காவல் படகு வந்து கொக்கி போட்டு இழுத்திராவிட்டால் தூணில் மோதியிருப்பாள். அதற்குப் பிறகு மன்றத்தின் பாதுகாப்பு அதிகாரி சம்பந்தம், கீச்சானைத் தண்ணீரில் இறக்கத் தடை போட்டுவிட்டார். ஒரே ஆள், ஒரே நிமிடத்தில் முன்பாயைச் சுருட்டிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் தடை நீங்கும். இரண்டு தடவை சோதனைக்குப் போய் இரண்டிலும் தோற்றாள். வருடாந்தரப் போட்டி அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனை.

"ஆறு வருஷமா அந்தப் போட்டிக்குப் போறேன். ஒரு தடவைகூட நாலாவது இடத்தைத் தாண்டினதில்லை," என்றாள் மாளவிகா. "அது பரவாயில்லை. கரையில நின்னு வேடிக்கை பார்க்கறதுதான் முடியாது."

கனகவல்லி உருளையைக் கையால் திருகினாள். நறநறவென்றது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. சத்தம் போடும் சாமானில் கோளாறு ஒளிந்துகொள்ளாது.

உருளையைக் கழற்றித் திருமுடிவாக்கத்துக்கு எடுத்துப்போனாள். திறந்து பார்த்தால் உள்ளே அரைக் கிலோ கிரீஸ். அதில் கடற்கரை மணல் மொத்தமும் ஒட்டிக் கரும்பாகு மாதிரி இறுகியிருந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது உள்ளிருந்த பேரிங் குண்டுகள் வெளுப்பாக வந்தன. இரும்பே இல்லை, ஏதோ கெட்டியான பிளாஸ்டிக். உடனே போன் போட்டாள்.

"டாக்டரம்மா, இதுக்கு கிரீஸ் போடச் சொன்னது யாரு?"

"இறுகுதுன்னு நான்தான் போட்டேன்."

"பிளாஸ்டிக் குண்டுக்கு கிரீஸே ஆவாது. நல்ல தண்ணி ஊத்திக் கழுவினா போதும். நீங்க பல்லு வேலைய மட்டும் பாருங்க."

வியாழக்கிழமை உருளையைத் திரும்ப மாட்டினாள். விரலால் ஒரு தட்டு. பம்பரம்போல் சுழன்று சுழன்று தானாக நின்றது. மாளவிகா கண்கள் விரிய அதையே பார்த்தாள். அங்கேயே சம்பந்தத்துக்குப் போன் செய்து, சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கும்படி சொல்லிவிட்டாள். அவர் வீடு சேலையூரில்தான்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பாய்மரத்தை நிமிர்த்தினார்கள். மன்றத்தில் படகு பார்த்துக்கொள்ளும் ஆல்வின் கோவளத்திலிருந்து வந்திருந்தான். கனகவல்லியின் கணவன் சேட்டு, தன் 'குட்டி யானை' மினி லாரியை ஓரங்கட்டிவிட்டுக் கைகொடுக்க வந்தான். மரத்தை நிமிர்த்தும் முன் கனகவல்லி நிமிர்ந்து பார்த்து, சாலையோர மின்கம்பியிலிருந்து தள்ளி, டிரெய்லரை மனையின் பின்மூலைக்கு நகர்த்தச் சொன்னாள். மருத்துவமனைக் கட்டடத்தின் பின்சுவரை ஒட்டினாற்போல் படகு நின்றது. மரம் நிமிர்ந்து, முன்பாய் ஏறியதும் வேளச்சேரி சாலையில் போன பேருந்தின் ஜன்னல்களில் எல்லாம் தலைகள் தெரிந்தன. அக்கம்பக்கத்து மாடிகளில் ஆட்கள் கூடினார்கள். தெருவில் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

சம்பந்தம் வெள்ளைத் தொப்பியோடு வந்தார். கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அவசரப்படாதவர்.

மாளவிகா கயிற்றை இழுத்தாள். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. பாய் வழவழவென்று சுருண்டது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். நான்காவது சுற்றில் அவள் கை தயங்கியது. ஐந்தாவதில் கயிறு கம்பிபோல் விறைத்து நின்றுவிட்டது. இரண்டு கையால் இழுத்தாள். அசையவில்லை. கைப்பிடி போட்டுச் சுற்றும் வின்ச்சில் மாட்டி இழுக்கலாமா என்று அவள் திரும்பிப் பார்த்தபோது கனகவல்லி கையைக் காட்டித் தடுத்தாள். சுற்றாத ஷட்டரை மோட்டார் போட்டு இழுத்தால் எது முறியும் என்று அவளுக்குத் தெரியும்.

"குழல் வளைஞ்சிருக்கு," என்றார் சம்பந்தம். "மார்ச்சுலயே சொன்னேன். மொத்த செட்டையும் மாத்தணும். வெளிநாட்டிலேர்ந்து வர மூணு மாசம் ஆகும். அடுத்த வருஷப் போட்டிக்குப் பார்த்துக்கலாம்மா." கனகவல்லியின் பக்கம் திரும்பி, "நீங்க நல்லாத்தான் கிளீன் பண்ணியிருக்கீங்க. ஆனா இது கடல் சாமான். வேற வேலை," என்றார். குரலில் ஏளனம் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் உறைத்தது.

கூட்டம் கலைந்தது. "அவ்ளோதானா?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே போனது அவள் காதில் விழுந்தது.

வண்டியில் வீட்டுக்குப் போகும்போது சேட்டு சொன்னான்: "உன்னால ஆனத செஞ்சுட்ட. கடலு சமாச்சாரம் நமக்கு எதுக்கு? சொம்மா பேஜாரு."

அவள் முடிச்சூர் தாண்டும்வரை இடது கையை மூடி, அதன்மேல் வலது கையால் ஒரு கயிறு இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டே வந்தாள். கடைசியில், "மூணு சுத்து வந்துச்சு இல்ல?" என்று கேட்டாள்.

"வந்துச்சு."

"குழாய் வளைஞ்சிருந்தா மொத சுத்துலயே ஒரு எடத்துல தட்டணும்யா. ஒவ்வொரு சுத்துலயும் அதே எடத்துல தட்டணும். இது அப்டி இல்ல. நாளைக்கு போறேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழம."

"அதான் போறேன். பேஷன்டு இருக்க மாட்டாங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் போய் நின்றபோது மாளவிகா மனையில்தான் இருந்தாள். படகுக்குள் தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். யாரும் அழைக்காமல் வந்தது பற்றி இருவருமே பேசவில்லை.

"பாய எறக்குங்க," என்றாள் கனகவல்லி.

பாயை இறக்கிவிட்டு வெறும் குழலை மட்டும் சுழற்றினார்கள். முப்பது சுற்று. எங்கேயும் தட்டவில்லை. குழல் வளையவில்லை என்பது அத்தோடு முடிந்தது. மறுபடி பாயை ஏற்றினார்கள். இப்போது கயிற்றை இழுத்தவள் கனகவல்லி. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். முதல் சுற்று லேசு. இரண்டாவது கொஞ்சம் கனம். மூன்றாவது இன்னும் கனம். நான்காவதில் தோள் வலித்தது. எதிர்ப்பக்கம் சுழற்றினால் அதே மாதிரி படிப்படியாக லேசாகிக்கொண்டே வந்தது.

"ஒவ்வொரு சுத்துக்கும் இறுக்கம் ஏறுது," என்றாள். "அப்டின்னா இன்னாவோ ஒண்ணு, எதும்மேலயோ சுத்திக்கினே போவுது."

உருளையில் கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை, அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. தளத்தின் ஓரமாகக் கயிறு வரும் வளையங்களைப் பார்த்தார்கள். ஒரு வளையத்தில் விளிம்பு தேய்ந்திருந்தது, அரத்தால் ராவினாள். சற்றே வித்தியாசம் தெரிந்தது, அவ்வளவுதான். கீழே கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது.

"மேல இன்னா கீது?"

பாயின் தலை அங்கே ஒரு சுழலியில் மாட்டியிருக்கிறது என்றாள் மாளவிகா. சுழலிக்கு இரண்டு பாதி. கீழ்ப்பாதி பாயோடு சேர்ந்து சுற்றும். மேல்பாதியைப் பாய் தூக்கும் கயிறு பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். அது சுற்றக் கூடாது, நிற்க வேண்டும்.

"நிக்குதா?"

மாளவிகா அண்ணாந்து பார்த்தாள். முப்பதடி உயரத்தில் எல்லாம் ஒரே கறுப்புப் புள்ளியாக, வெயிலின் கூச்சத்தில் மங்கித் தெரிந்தன. "தெரியலையேக்கா. தண்ணியில இருக்கும்போது அது இன்னும் ஆடும். இதுவரைக்கும் யாரும் மேல போய்ப் பார்த்ததில்லை."

கனகவல்லி மரத்தைப் பார்க்கவில்லை. மரத்துக்குப் பக்கத்தில் இருந்த கட்டடத்தைப் பார்த்தாள். மூன்று மாடி.

"மொட்ட மாடி சாவி யார்ட்ட?"

ஐந்து நிமிடத்தில் அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். பாய்மரத்தின் உச்சி அவள் மார்பு உயரத்தில், பதினைந்தடி தூரத்தில், எதிர்வீட்டு ஜன்னல்போல் நேருக்கு நேராக இருந்தது. சுழலி, கயிறு, குழலின் முனை எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. போனை எடுத்துப் படம் பிடிக்க வைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே குரல் கொடுத்தாள்.

"இழுங்க டாக்டரம்மா. மெதுவா."

குழல் சுழன்றது. பாயின் தலை சுழன்றது. சுழலியின் கீழ்ப்பாதி சுழன்றது. மேல்பாதி ஒரு கணம் நின்றது. பிறகு, தூங்கி வழிகிறவன் தலைபோல் மெல்லச் சாய்ந்து, அதுவும் கூடவே கிளம்பியது. அதைப் பிடித்திருந்த கயிறு குழலின்மேல் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் அது குழலைக் கொடிபோல் இறுக்கிப் பிடித்தது. கீழே மாளவிகாவின் கை நின்றது.

கனகவல்லி படம் பிடிப்பதை நிறுத்திப் போனைச் சட்டைப்பையில் போட்டாள். பிறகு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள்.

வீடியோவைப் பார்த்த மாளவிகா படகின் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "தினமும் இதே கதைதான் எனக்கு," என்றாள். "கீழ்த்தாடை வலிக்குதுன்னு வருவாங்க. சொத்தை மேல்பல்லுல இருக்கும். இதுல மட்டும் எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?"

கனகவல்லிக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. சுழலிக்கு மேலே குழல் ரொம்ப தூரம் மொட்டையாக நீண்டிருந்தது. கயிறு அதை உரசிக்கொண்டே, குழலோடு ஒட்டினாற்போல் மேலே போனது. சுழலி இன்னும் மேலே இருந்தால் கயிறு குழலிலிருந்து விலகிச் சாய்வாகப் போகும். விலகிப் போகிற கயிறு சுற்றிக்கொள்ள வழியில்லை. அப்படியானால் சுழலி ஏன் இவ்வளவு கீழே நிற்கிறது?

"இது எப்ப ஆரம்பிச்சது? நாள் ஞாபகம் இருக்கா?"

"ஜனவரி. பொங்கல் லீவு முடிஞ்சதும்."

"அப்ப படகுல புதுசா இன்னா செஞ்சீங்க?"

மாளவிகா எழுந்து படகின் உள்ளறைக்குள் தவழ்ந்து போய், ஒரு பழைய துணிமூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். கிழிந்துபோனதால் ஜனவரியில் கழற்றிப்போட்ட பழைய முன்பாய். இரண்டு பாய்களையும் மனையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். கனகவல்லி தன் டேப்பைப் போட்டு அளந்தாள். புதுப்பாய் ஒன்றரை அடி குட்டை.

"நான்தான் குட்டையா தைக்கச் சொன்னேன்," என்றாள் மாளவிகா. "பாய்க்கு அடியில எதிர்ல வர்ற படகு தெரியணும்னு. கீழ்ப்பக்கம்தான் ஒசந்து நிக்கும்னு நெனச்சேன். நான் மாட்டும்போது அடியைப் பழைய எடத்துலயே கட்டிட்டேன். அந்த ஒன்றரை அடியும் மேலே குறைஞ்சு போச்சு."

"போச்சுன்னா குடுத்துடலாம்," என்றாள் கனகவல்லி.

அன்றைக்கே ஷெட்டைத் திறந்தாள். தானியங்கிக் கேட்டுகளுக்கு வைத்திருந்த துருப்பிடிக்காத கம்பிவடத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு துண்டு வெட்டி, இரண்டு முனையிலும் கண்போல் வளைத்து, உலோகப் பூண் போட்டு அழுத்தினாள். பூணின் மேல் நகம் பட்டால்கூடக் கீறாத அளவுக்கு ராவினாள். பிறகு அதைச் சங்கிலிக் கப்பியில் மாட்டி, நானூறு கிலோ எடையுள்ள அச்சுக்கட்டையைத் தூக்கித் தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்து அளந்தபோது கம்பி ஒரு நூல்கூட நீளவில்லை.

மூன்று மணிக்குள் அந்தக் கம்பி, சுழலிக்கும் பாயின் தலைக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. பாய் ஏறியது. இந்தத் தடவை மாடிக்குப் போனவள் மாளவிகா. சுழலி குழலின் முனையிலிருந்து நான்கு விரல் கீழே நிற்பதாகவும், கயிறு குழலை விட்டு நன்றாக விலகிப் போவதாகவும் மேலிருந்து சொன்னாள். கனகவல்லி கயிற்றைப் பிடித்தாள்.

ஒரு சுற்று. மூன்று. ஐந்து. எட்டு. பதினொன்று. பாய் முழுக்கச் சுருண்டு, அதைக் கட்டும் கயிறும் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அவள் இழுத்தது இரண்டு விரலால்.

மேலேயிருந்து மாளவிகா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை மாலை, கோவளத்துக் கழிமுகத்தில் கடற்காற்று பலமாக இருந்தது. சின்ன அலைகளின் தலையில் வெள்ளை நுரை. கீச்சானில் மாளவிகா மட்டும். காவல் படகில் சம்பந்தம் கையில் கடிகாரத்தோடு இருந்தார். ஆல்வின் என்ஜினைப் பிடித்திருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டியபடி, பலகையை இரு கையாலும் பற்றிக்கொண்டு கனகவல்லி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

"பயந்துகினு கீறியா அக்கா?" என்றான் ஆல்வின்.

"தண்ணிக்குத்தான். அந்தக் கம்பிக்கு இல்ல."

சம்பந்தம் கொடியைத் தாழ்த்தினார். முழுப்பாயோடு படகு சாய்ந்து பறந்துகொண்டிருந்தது. மாளவிகா ஒரு கையைச் சுக்கானிலிருந்து எடுக்கவே இல்லை. மற்றக் கையால் கயிற்றை வாரி வாரி இழுத்தாள். பாய் பாதியானது, கால்வாசியானது, ஒரு வெள்ளைக் குச்சியாகி நின்றது. படகு நிமிர்ந்தது.

சம்பந்தம் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு விநாடி. தொப்பியைத் தூக்கித் தலையைத் துடைத்துக்கொண்டார். ஆறுதலுக்காகத் தேர்ச்சி போடுகிறவர் அல்ல அவர். "காத்தை எதிர்த்து ஒரு தடவை," என்று கை காட்டினார். பத்தொன்பது விநாடி. "பாதி சுருட்டி, நிறுத்தி, மறுபடி முழுசா விரிச்சு, சுருட்டணும்." அதையும் செய்தாள். சம்பந்தம் சீட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு கனகவல்லியிடம் கேட்டார்.

"குழலை மாத்தினீங்களா?"

"இல்ல சார். குழா நல்லாத்தான் கீது."

அவள் பலகையிலிருந்து ஒரு கையை எடுத்து, போனில் இருந்த வீடியோவைக் காட்டினாள். அவர் அதை மூன்று தடவை பார்த்தார்.

"நாப்பது வருஷம் கப்பல்ல இருந்தவன் நான்," என்றார். "கீழே நின்னுக்கிட்டே மேலே வளைஞ்சிருக்குன்னு சொல்லிட்டேன். தப்பு என் மேலதான்."

கனகவல்லி போனைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். காற்றில் முகத்தில் தெறித்த உப்புத் தண்ணீரைத் துடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஏழு படகுகள். கனகவல்லி சேட்டுவையும் இழுத்துக்கொண்டு வந்து படகுத்துறையில் நின்றாள். முதல் சுற்று முடிந்தபோது கீச்சான் ஐந்தாவதாக இருந்தது. குட்டைப் பாய், மெல்லிய காற்றில் அதற்கு வேகம் போதவில்லை. இரண்டாவது சுற்றின் பாதியில் மேற்கே, தாம்பரம் பக்கத்து வானம் கறுத்தது. கடற்காற்று திடீரென்று செத்தது. பாய்களெல்லாம் தொங்கின.

"வருது," என்றான் துறையில் பக்கத்தில் நின்ற ஆல்வின். "எல்லாரும் மாட்டிக்கினாங்க."

மேற்கிலிருந்து மண்வாசனையோடு காற்று அறைந்தது. தண்ணீர் கறுத்துச் சுருங்கி ஓடிவந்தது. முன்னால் போன இரண்டு படகுகள் பக்கவாட்டில் விழுந்து எழுந்தன. ஒன்றில் பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. அதிலிருந்த ஆள் மூக்குப் பக்கம் தவழ்ந்து போய் அதைக் கையால் அமுக்கப் பார்த்தார். இன்னொன்று போட்டியை விட்டுக் கரைக்குத் திரும்பியது. கனகவல்லியின் கண் பச்சை எழுத்தை மட்டுமே தேடியது.

காற்று அறைவதற்கு முன்பே கீச்சானின் முன்பாய் சுருண்டு பாதியாகியிருந்தது. மாளவிகா கறுப்பு வானத்தைப் பார்த்துக் காத்திருந்திருக்கிறாள். முழுவீச்சில் காற்று வந்தபோது படகு கொஞ்சம் சாய்ந்தது, நிமிர்ந்தது, பிறகு கோடு கிழித்தாற்போல் ஓடத் தொடங்கியது. நான்காவதைக் கடந்தது. தடுமாறிக்கொண்டிருந்த மூன்றாவதைக் கடந்தது. கடைசி மிதவையைத் திரும்பும்போது அதற்கு முன்னால் ஒரே ஒரு படகு. அதுவும் முழுப்பாயோடு திணறிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் விரி," என்று கனகவல்லி தனக்குள் சொன்னாள். அவளுக்குப் படகு ஓட்டத் தெரியாது. ஆனால் காற்று ஒரு பிடி தளர்ந்தது அவள் முகத்துக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் அங்கே மாளவிகாவும் கயிற்றை விட்டாள். முன்பாய் இரண்டு சுற்று அவிழ்ந்து வயிறு நிறைத்தது.

இரண்டு படகும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோட்டைத் தாண்டின. முதலில் தாண்டியது கீச்சான்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இடையில் நாலு படகு நீளத் தண்ணீர் இருந்தது.

சம்பந்தத்தின் ஊதல் கேட்டது. கனகவல்லி ஷட்டர் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டையால் ஒரு கூவல் கூவினாள். சேட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை.

மழை கொட்டியது. யாரும் ஒதுங்கவில்லை. மாளவிகா படகைத் துறைக்குக் கொண்டுவந்து, கயிற்றை ஆல்வினிடம் வீசிவிட்டு, நனைந்த தலையோடு கையை நீட்டினாள்.

"ஏறுங்கக்கா."

"எனக்கு நீச்சல் தெரியாது டாக்டரம்மா."

"மிதவைச் சட்டை போட்டுக்குங்க. நான் இருக்கேன்."

கனகவல்லி ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தாள். தளம் ஆடியது. மற்றக் காலையும் வைத்தாள். காற்று தணிந்து, மழை லேசாகச் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. படகு துறையை விட்டு விலகியதும் மாளவிகா அந்தக் கயிற்றின் முனையை அவள் கையில் கொடுத்தாள். கனகவல்லி கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டாள். தலைக்கு மேலே வெள்ளைப் பாய் மடல் மடலாக விரிந்து, மழைத்தண்ணீரை உதறி, நிறைந்து நின்றது. படகு தன்னை இழுத்துக்கொண்டு போவதை அவள் உள்ளங்காலில் உணர்ந்தாள்.

துறையில் சேட்டு குடையை விரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "எங்க போற?" என்று கேட்டான்.

"பாலம் வரைக்கும்," என்று கத்தினாள் அவள். "போய்ட்டு வந்துர்றேன்."